உத்திரம் வரைந்த மாஸ்டர்

ஆசீர்வாதம் முப்பத்திரண்டு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலில் வேதாகம வகுப்பு எடுக்கும் ஜெபக்கனி டீச்சருக்கு அவர் மகள் வயசு. ஆனாலும் வகுப்பில் அவர் மாணவர்தான், அதுவும் முதல் பெஞ்சு.

டீச்சர் வேதத்தைக் கண்ணால் படிக்க வைப்பவர். கட்டளைக்குச் சிவப்புப் பென்சில், கடவுள் தந்த வாக்குத்தத்தத்துக்குப் பச்சை. பவுலின் பயணத்துக்கு வரைபடம்.

"டீச்சர், கலர் அடிக்கிறது, படம் போடுறதெல்லாம் சின்னப்பிள்ளைங்க வேலையில்லையா? வாசிச்சு புரியாதது வரைஞ்சா மட்டும் புரிஞ்சிருமா?"

டீச்சர் ஒரு வெள்ளைச் சார்ட்டை நீட்டினார்.

"அடுத்தவன் கண்ணுல கிடக்கிற துரும்பைப் பாக்கிறவனுக்கு, தன் கண்ணுல கிடக்கிற உத்திரக் கட்டை தெரியலைன்னு இயேசு சொன்னாருல்லா. அந்தப் பகுதியை வரைஞ்சிட்டு வாங்க மாஸ்டர்."

விடுவாரா மனுஷன்? ஆறு நாள் சோறு தண்ணி மறந்து வரைந்தார். உத்திரத்துக்காரனுக்கு வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் மரு. ஊரில் யாரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள், தேவஇரக்கம் என்று.

இருபது வருஷம் பாடகர் குழுவில் மாஸ்டரின் பக்கத்தில் நின்று பாடிய சிநேகிதர் அவர். "உனக்குச் சுருதி சேரலைடே" என்று ஈஸ்டர் அன்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. வருகிற திங்கட்கிழமை அவர் மகனோடு இருக்க பெங்களூருக்கே குடிபோகிறார். அதை நினைக்கும்போதெல்லாம் மாஸ்டருக்கு நெஞ்சை அடைத்தது. அடைக்க அடைக்க உத்திரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

துரும்புக்காரனுக்குத் தன் முகத்தையே வைத்தார், பத்து வயசு குறைத்து. துரும்பு யார் கண்ணுக்கும் தெரியாது போலிருந்ததால் அம்புக்குறி போட வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை சுத்தியலும் ஆணியுமாக வந்து, டீச்சர் மேஜையில் சார்ட்டை விரித்தார்.

"நாளைக்குக் கோயில் சுவத்துல மாட்டிரலாமா டீச்சர்? அவன் ஊரை விட்டுப் போறதுக்குள்ள பாக்கணும்."

"மாட்டலாமே. இது என்ன மரம்?"

"தேக்கு. ரேகையைப் பாருங்க. இந்த முடிச்சு, இந்த வெடிப்பு. வண்டு துளைச்ச தடத்தைக்கூட நான் விடலை."

டீச்சர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அருமையா வந்திருக்கு மாஸ்டர். ஒரு உத்திரத்தை இவ்வளவு நுணுக்கமா வரையணும்னா, அதை ரொம்பக் கிட்டத்துல வச்சுல்லா பாத்திருக்கணும்."

மாஸ்டர் சுத்தியலைக் கீழே வைத்தார். சார்ட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு, தேவஇரக்கம் வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தார்.