கவிராயர் மறைந்த வைக்கோல் படப்பு

உளுந்தையேந்தல்காரனுக்குப் புத்தி மட்டு என்று வடக்கூரில் பேசிக்கொள்கிறார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவர்கள் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்வதற்குள் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் ஊரில் இல்லை. கவிராயராக நடந்தவன் நான்தான். செத்துப்போனவனும் நான்தான்.

என் பெயர் சேவுகன். எங்கள் ஊர் உளுந்தையேந்தலுக்குப் பஸ் கிடையாது. ஊருக்கு வழி பிரிகிற வடக்கூர் விலக்கோடு பஸ் திரும்பிவிடும். அங்கிருந்து கண்மாய்க் கரை வழியாக நடந்துதான் ஊர் வந்து சேர வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கரையில் நடந்து நடந்து என் வீட்டுக்காரி நாகவள்ளிக்குக் கால் ஓய்ந்துவிட்டது. போன சித்திரையில் விலக்கில் இறங்கியதும் செருப்பு வார் அறுந்தது. கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"இந்தா பாருங்க, உங்க ஊருக்கு என்னைக்குப் பஸ் வருதோ, அன்னைக்கு நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே ஏறித் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு வீட்டில் சோறு குழைந்தது, குழம்பு தீய்ந்தது, எருமைகூட என்னிடம் பால் கொடுக்க யோசித்தது. தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது எனக்கு அழுகை வரும். வெளியே சொன்னால் வெட்கக்கேடு. அதனால் யாராவது கேட்டால் குழம்பில் காரம் என்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் சொல்லேந்திக் கவிராயர் வந்தார். அதாவது, அவர் பேச்சு வந்தது. அவர் அந்தக் காலத்துப் பெரிய புலவர். ஜமீன் ஜமீனாக நடந்தே போய்ப் பாட்டுப் பாடிப் பரிசு வாங்கினவர். அவர் நடந்த வழியை ஒரு மரபுப் பாதையாக்கி, ஊருக்கு ஊர் பலகை வைத்து, வெளியூர் ஆட்களை அதில் நடக்க வைக்கப் போகிறார்களாம். நடப்பதற்கென்றே ஒருத்தன் ஊர்விட்டு ஊர் வருவானா என்று எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. நாங்கள் பிறந்ததிலிருந்து சும்மாவே நடக்கிறோம், எங்களைப் பார்க்க ஒரு காக்காயும் வந்ததில்லை.

பாதைக் குழுவிலிருந்து மெர்லின் மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். ரேஷன் கடை வாசலில் ஊரைக் கூட்டிப் பேசினார்.

"கவிராயரோட அடிச்சுவடு உங்க மண்ணுல இருக்கு. அதைப் பாதுகாக்க வேண்டியது உங்க பொறுப்பு. அவர் மறைந்ததே உங்க ஊர்லதான். அந்த இடத்தை அடையாளம் பண்ணி வைங்க. பாதை ஆரம்பிக்கிற இடத்துல ஒரு கல் நடுங்க. நான் திரும்பி வந்து பாக்குறப்ப எல்லாம் சரியா இருந்தா உங்க ஊரைப் பாதையில சேத்துருவோம். சேத்தாச்சுன்னா பஸ் தானா வந்துரும்."

பஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டேன். மற்றதெல்லாம் அவ்வளவாக விளங்கவில்லை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன்.

கல் நடுவது சுலபமான வேலை. மொக்கைச்சாமி மாமா குழி வெட்டி, அடியில் எரு போட்டு, நல்ல கல்லாக ஒன்றைப் பார்த்து நட்டார். நட்டதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாமா? காலையும் மாலையும் ஊற்றினோம். ஆடு கடித்துவிடாமல் முள்வேலி போட்டோம். கல் துளிர்க்கவில்லை. ஆனால் பட்டும் போகவில்லை என்று தலைவர் பூமாலை ஆறுதல் சொன்னார்.

அடிச்சுவடுதான் இழுபறியாகிவிட்டது.

"அடிச்சுவடுன்னா காலடித் தடம். அதைப் பாதுகாக்கணும்னா முதல்ல கண்டுபிடிக்கணும். எங்க கிடக்குன்னு மேடம் சொல்லலையே" என்றார் தலைவர்.

இருளாயி மதினி யோசித்தாள். "ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க. கவிராயரு ஆனைய விடப் பெரிய ஆளா? அவரும் எங்கயாச்சும் சறுக்கித்தான் இருப்பாரு. சறுக்குற இடமாப் பாத்துத் தேடுங்க. அங்கதான் தடம் ஆழமா விழுந்திருக்கும்."

மதினிக்கு இருக்கிற மூளை யாருக்கு வரும் என்று வியந்தபடி கண்மாய்ச் சரிவுக்குப் போனோம். சொல்லி வைத்தாற்போல, காய்ந்த சேற்றில் ஆழமாக ஒரு தடம் இருந்தது. பெருவிரல் மட்டும் ஒரு எலுமிச்சம்பழ அகலம். உடனே கூடையைக் கவிழ்த்து மூடிச் சூடம் காட்டினோம்.

தலைவர் மட்டும் விவரமாக, "எதுக்கும் நம்ம ஆளுகள்ல ஒருத்தன் காலா இருந்துறப் போகுது. எல்லாரும் வச்சுப் பாருங்கப்பா" என்றார்.

எல்லோரும் வைத்துப் பார்த்தார்கள். யாருக்கும் பொருந்தவில்லை. நான் வைத்தேன். உறையில் அரிவாள் போல உட்கார்ந்தது. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மாமா, முந்தாநாள் எருமைய ஓட்டிக்கிட்டு வர்றப்ப நான் இங்க சறுக்கி விழுந்தேன்" என்றேன்.

மொக்கைச்சாமி மாமா என் தோளில் கை வைத்தார்.

"சேவுகா, நீ போன வழியிலயே கவிராயரும் போயிருக்காரு. நீ சறுக்குன எடத்துலயே அவரும் சறுக்கியிருக்காரு. காலும் ஒரே அளவு. இனிமே இது உன் காலு இல்லப்பா. ஊருக் காலு."

அன்றிலிருந்து என்னைக் கால் கழுவ விடவில்லை. மேடம் பாதுகாக்கச் சொன்னதைத் தண்ணீர் விட்டுக் கரைப்பதா? சகதி இருந்தால் என்னைத் தூக்கி அக்கரையில் வைத்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதுவரை என் தலைக்கே ஊரில் மரியாதை கிடையாது.

மேடம் வருகிற நாளும் வந்தது. ஒற்றைத் தடத்தை வைத்துக்கொண்டு கவிராயர் நொண்டியடித்து வந்தாரென்றா சொல்வது? அதனால் விலக்கிலிருந்து ஊர் வரைக்கும் என்னை நடக்கவிட்டுத் தடம் பதிப்பது என்று முடிவாயிற்று. மற்றவர்கள் விளக்குமாற்றோடு பக்கத்தில் வந்து தங்கள் தடங்களைக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். கூட்டக் கூட்டப் புதுத் தடம் விழுந்தது. அதையும் கூட்டினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திப் பெருவிரலை அழுத்தி அழுத்தி நடந்து, மொக்கைச்சாமி மாமாவின் வைக்கோல் படப்பு வரைக்கும் வந்துவிட்டு, சரி, வேலை முடிந்தது என்று வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

"அசையாதடா!" என்று தலைவர் அலறினார். "நீ திரும்பி நடந்தா கவிராயரு திரும்பிப் போனதா ஆயிரும். அப்புறம் எப்படி நம்மூர்ல மறைஞ்சாருன்னு சொல்றது?"

"அப்ப நான் என்ன செய்யட்டும் தலைவரே?"

"தடம் இந்தப் படப்போட முடியுது. தடம் முடிஞ்ச எடத்துல ஆளைக் காணோம்னா என்ன அர்த்தம்? மறைஞ்சிருக்காருன்னு அர்த்தம். ஏறி உள்ள மறைஞ்சுக்க."

"எதுக்காக மறைஞ்சாருன்னு மேடம் கேட்டா?" என்றார் மொக்கைச்சாமி மாமா.

"வீட்டுக்கே போகாம ஊரு ஊரா நடந்த மனுசன்" என்றாள் இருளாயி மதினி. "பொண்டாட்டி தேடி வந்திருப்பா. வேற எதுக்கு ஒரு ஆம்பள படப்புக்குள்ள மறைவான்?"

எனக்குக் கவிராயர் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. மறுபேச்சுப் பேசாமல் படப்புக்குள் புகுந்துகொண்டேன். மேலே வைக்கோலைப் போட்டு மூடினார்கள்.

உள்ளே மூச்சு முட்டியது, உடம்பெல்லாம் அரித்தது. நாகவள்ளியை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன். அப்போது தலைவருடைய செல்போன் அடித்தது. மேடம்தான். ஊரே கேட்கட்டும் என்று தலைவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பக்கத்துலதான் வந்துக்கிட்டு இருக்கேன். கவிராயர் மறைந்த இடம் தயாரா இருக்கா?"

"தயாரா இருக்கு மேடம். ஆளையே மறைச்சு வச்சிருக்கோம்."

"ஆளை மறைச்சா? ஐயோ, மறைந்தார்னா ஒளிஞ்சுக்கிட்டார்னு அர்த்தம் இல்லீங்க. செத்துப்போனார்னு அர்த்தம்."

போன் நின்றது.

"அப்படின்னா" என்றார் மொக்கைச்சாமி மாமா மெல்ல, "நம்ம சேவுகன்..."

"கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க? படிச்ச மேடம் சொல்றாங்க, மறைஞ்சா செத்ததுன்னு" என்றார் தலைவர். "நம்ம கையாலயே வைக்கோலைப் போட்டு மூடுனோமேப்பா!"

அவ்வளவுதான். இருளாயி மதினி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "ஊருக்கே காலு குடுத்த ராசாவே" என்று ஒப்பாரி வைத்தாள். பெண்கள் கூடிக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆண்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் உள்ளே இருந்து என்னையே கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. ஆனால் செத்தால் வலிக்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்? இதற்கு முன் செத்த அனுபவம் எனக்கு இல்லை. பஸ் வருகிற நேரத்தில் இப்படிப் பாதியில் போய்ச் சேர்ந்தேனே, நாகவள்ளி வந்து வெறும் வீட்டைப் பார்ப்பாளே என்று நினைத்ததும் நானும் சேர்ந்து அழுதேன்.

இந்த நேரத்தில் மேடத்தின் ஜீப் வந்து நின்றது. மேடம் இறங்கினார். ஊரே படப்பைச் சுற்றி நின்று மாரில் அடித்து அழுவதைப் பார்த்தார். அவருடைய கண்ணும் கலங்கிவிட்டது.

"எத்தனை ஊர் பாத்துட்டேன். இத்தனை காலத்துக்கு அப்புறமும் ஒரு புலவருக்காக இப்படி அழுற ஊரைப் பாத்ததே இல்லை" என்றார்.

எனக்கு வைக்கோல் தூசி மூக்கில் ஏறிப் பெரிதாக ஒரு தும்மல் வந்தது. மேடம் திடுக்கிட்டார்.

"யாரது?"

"கவிராயர்தான் மேடம்" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மேடம் படப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு நெகிழ்ந்துபோய், "உண்மைதான். கவிராயர் இன்னமும் உங்களுக்குள்ள வாழ்ந்துக்கிட்டு இருக்கார்" என்றார்.

"எங்களுக்குள்ள இல்ல மேடம், படப்புக்குள்ள" என்றார் தலைவர்.

இதையும் மேடம் கவிதையாக எடுத்துக்கொண்டார். ஊரைப் பாதையில் சேர்த்தாயிற்று, பஸ்ஸுக்கும் சொல்லிவிடுகிறேன் என்றார். ஜீப்பில் ஏறும்போது திரும்பி, "ஒண்ணே ஒண்ணு. இது கவிராயர் நடந்த பாதை. இதுல யார் வந்தாலும் அவரை மாதிரி நடந்துதான் வரணும். அதை மட்டும் கண்டிப்பா பாத்துக்குங்க" என்றார்.

"உசிரைக் குடுத்தாவது பாத்துக்கிறோம் மேடம்" என்றார் தலைவர். "ஏற்கெனவே ஒருத்தன் குடுத்துட்டான்."

ஜீப் போன பிறகும் என்னை யாரும் வெளியே கூப்பிடவில்லை. எனக்குப் பசி காதை அடைத்தது.

"மதினி, செத்தவனுக்குப் பசிக்குமா?" என்று உள்ளே இருந்து கேட்டேன்.

"பசிக்காமயா படையல் போடுறோம்?" என்றாள் மதினி. அது நியாயமாகப் பட்டது. இலை போட்டுப் படைத்தார்கள். படப்பிலிருந்து கையை மட்டும் நீட்டிச் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது. அடுத்து, நாகவள்ளிக்கு யார் போய்த் துக்கம் சொல்வது என்ற பேச்சு வந்தது. ஆளாளுக்கு நழுவினார்கள். அவளுடைய வாய்க்கு முன்னால் போய் நிற்க ஊரில் ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. சொல்ல ஆள் கிடைக்காததால், வேறு வழியில்லாமல், என்னைப் பிழைக்க வைப்பது என்று முடிவாயிற்று.

கரையை அகலப்படுத்திச் சரளை கொட்டினார்கள். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் வந்தது. ஊரே விலக்கில், நட்ட கல்லுக்குப் பக்கத்தில் மாலையோடு நின்றோம். முதல் சன்னலில் நாகவள்ளியின் முகம் தெரிந்தது. சொன்ன சொல் தவறாமல் வந்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தலைவர் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தார். பஸ் நின்றது.

"எல்லாரும் இறங்குங்க. இது கவிராயர் நடந்த பாதை. யாரா இருந்தாலும் நடந்துதான் வரணும்."

"யோவ், டிக்கெட் எடுத்திருக்காங்கய்யா" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட்டை யாரு வேண்டாம்னா? கையில வச்சுக்கிட்டே நடக்கட்டும். நீங்களும் இறங்குங்க."

டிரைவர் தலையை நீட்டினார். "நானும் இறங்கிட்டா பஸ்ஸை யாரு ஓட்டுறது?"

இது சிக்கலான கேள்வி. எல்லோரும் கூடி யோசித்தோம். கடைசியில் மொக்கைச்சாமி மாமாதான் அவிழ்த்தார்.

"யாரு வந்தாலும்னு மேடம் சொன்னாங்களா இல்லையா? பஸ்ஸும்தானே வருது. அப்ப பஸ்ஸும் ஓடக்கூடாது. நடந்துதான் வரணும்."

எஞ்சினை அணைக்கச் சொன்னோம். இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த டிரைவர் ஒருத்தரை மட்டும், ஸ்டியரிங் பிடிக்கிற கை என்று கணக்கு வைத்து விட்டுவிட்டோம். மற்றபடி ஊர், பயணிகள், கண்டக்டர் எல்லோரும் பின்னால் நின்று பஸ்ஸை மெதுவாக நடத்திக்கொண்டு வந்தோம். நாகவள்ளிக்கு என் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தள்ளினாள். ஊர் வரைக்கும் வாய் ஓயவில்லை.

"முன்னாடியாச்சும் வெறுங்கையோட நடந்தேன். இப்பப் பஸ்ஸையும் தள்ளிக்கிட்டு நடக்குறேன். உங்க ஊருக்குப் பஸ் வந்த லட்சணமா இது?"

அவள் திட்டக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வியர்வை என்றேன்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பயந்து பயந்து கேட்டேன். "நாகு, காலையில பஸ் திரும்புது. கோவிச்சுக்கிட்டு அதுல போயிருவியா?"

அவள் தோள்பட்டையில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே என்னை முறைத்தாள்.

"போறதுன்னா விலக்கு வரைக்கும் அந்தப் பஸ்ஸைத் தள்ளணுமே! அதுக்கு உங்ககூடவே குடும்பம் நடத்திட்டுப் போயிரலாம்" என்றாள்.