சார் அடித்துப் போட்ட கணக்கு

"எதை t என்று வைப்பது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது, சார்?"

ஞானதுரை சாரிடம் இதைக் கேட்க ரஹ்மத்துக்கு முப்பது வருடம் ஆகியிருந்தது. இப்போது அவளும் ஒரு கல்லூரியில் கணக்கு டீச்சர், தொகையீடு நடத்துகிறாள். தலையில் பாதி நரை.

"திடீர்னு ஏம்மா இந்தக் கேள்வி?"

"என் வகுப்புப் பொண்ணு கேட்டா. போடப் போட வரும்னு சொன்னேன். 'பார்த்ததும் வரலைன்னா எனக்குக் கணக்கு இல்ல மேடம்'னு வேற துறைக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டா. நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும்."

சார் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"கோமதியும் இதையேதான் சொன்னா சார்."

பாளையங்கோட்டையில் சாரிடம் கல்லூரியில் படித்தபோது கோமதியும் ரஹ்மத்தும் ஒரே பெஞ்சு. சார் வகுப்புக்குள் வரும்போது கையில் புத்தகம் இருக்காது. கணக்கைக் கரும்பலகையில் எழுதுவார். ஓர் அடி பின்னால் வந்து பார்ப்பார். சிக்கலான ஒரு பகுதியைக் காட்டி, "இதை t-ன்னு வைப்போம்" என்பார். அவ்வளவுதான், முடிச்சு கழன்று விழும். முழங்கை வரை சாக்பீஸ் தூள். இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வருடக் கடைசியில் கோமதி வரலாற்றுக்குப் போய்விட்டாள்.

சார் ஒரு தாளை எடுத்தார். மேலே dx. கீழே x-இன் வர்க்க மூலமும் கன மூலமும் கூட்டலில். ரஹ்மத்துக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அரை நிமிடத்தில் அவர் உடைத்த கணக்கு.

வர்க்க மூலத்தை t என்று வைத்தார். கன மூலம் அசையவில்லை. அடித்தார்.

கன மூலத்தை t என்று வைத்தார். வர்க்க மூலம் முரண்டு பிடித்தது. அடித்தார்.

இரண்டையும் சேர்த்து t என்று வைத்தார். பக்கம் நிறைந்தது. சிக்கல் கூடியது. அதையும் அடித்தார்.

 சாருக்கு வயதாகிவிட்டது என்று ரஹ்மத் நினைத்தாள். 'ஆறாம் மூலம், சார்' என்று நுனிநாக்கு வரை வந்தது. சொல்ல மனம் வரவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பென்சில் நின்றது. 

பிறகு விறுவிறுவென்று ஓடியது.

திரும்பிப் பார்த்தாள். ஆறாம் மூலத்தை t என்று வைத்திருந்தார். வர்க்க மூலம் t-இன் கனமாகவும் கன மூலம் t-இன் வர்க்கமாகவும் மாறி, இரண்டு மூலங்களும் போன இடம் தெரியவில்லை. நாலைந்து வரியில் விடை.

"மறந்துபோச்சா சார்?" மெல்லக் கேட்டாள்.

"மறக்கலை. முதமுதலா எப்படிப் போட்டேனோ, அப்படியே போட்டேன்."

"முதமுதலா?"

"மூணு நாள் ஆச்சும்மா எனக்கு."

தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"உங்களுக்கெல்லாம் நான் மூணாவது நாளை மட்டும்தான் காட்டினேன்."