நாச்சி வெட்டிய வெள்ளரிப்பழம்

கேளுங்கள், பிள்ளைகளே, பெரியவர்களே. சந்தையில் வெள்ளரிப்பழம் விற்கும் பேச்சியக்கா எனக்குச் சொன்ன கதை இது. பல வருடங்கள் இதை நான் சந்தேகப்பட்டேன். இதில் வரும் அரசனை நம்பினேன், அரண்மனையை நம்பினேன். சிறுமியை மட்டும் நம்ப முடியவில்லை.

மழை மறந்துபோன ஒரு நாட்டைச் செங்கோடன் என்ற அரசன் ஆண்டான். களஞ்சியத்தில் கொஞ்சம் தானியம்தான் மிச்சம். அரசனுக்கோ வயதாகிவிட்டது. தவறான கைக்குக் களஞ்சியச் சாவி போனால் பாதி நாடு பட்டினியில் சாகும். அவன் வளர்த்த பிள்ளைகள் மூவர்: கண்டன், சாத்தன், கடைக்குட்டி நாச்சி.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதைப் பங்கிட்டாலும் வெட்டியவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

சாவியை யாரிடம் கொடுப்பது என்று பார்க்க, அரசன் மூவருக்கும் சேர்த்து ஒரு வெள்ளரிப்பழம் கொடுத்தான். கண்டன் வெட்டினான். ஆசையில் வழக்கத்தை மறந்து, தனக்கென்று ஒரு துண்டைப் பெரிதாக வெட்டினான். அதைச் சாத்தன் எடுத்துக்கொண்டான். கண்டனுக்குக் கிடைத்தது காம்போரத்து நுனி. அழுதான்.

மறுநாள் சாத்தன் வெட்டினான். நூல் பிடித்து அளந்தான். மூன்றும் ஒரே அளவு.

"ஆகா, நீதிமான்!" என்றார் அமைச்சர்.

"ஏனப்பா இவ்வளவு கவனம்?" என்று கேட்டான் அரசன்.

"கடைசித் துண்டு எனக்குத்தானே? குறையக் கூடாதே!"

அரசன் சிரித்துவிட்டான்.

மூன்றாம் நாள் நாச்சி வெட்டினாள். ஒன்று பெரிது, இரண்டு சிறிது.

"கை கோணிப்போச்சாடி?" என்றான் சாத்தன்.

"இல்ல. பெரிசு கண்டண்ணனுக்கு. அன்னைக்கு நுனியத் தின்னுட்டு அழுதுச்சுல்ல?"

"முதல்ல எடுக்கிறது நான். நான் அதைத் தூக்கிட்டா?"

"தூக்கிக்கோ. யாரு பிடிச்சா?"

சாத்தனின் கை பெரிய துண்டின் மேல் போனது. அங்கேயே நின்றது. "சரியான கழுதை நீ" என்று முணுமுணுத்தபடி சிறியதை எடுத்தான். பெரியதை எடுத்த கண்டன், கடிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

அரசன் சாவியை நாச்சியிடம் கொடுத்தான்.

"கணக்குத் தெரியாத பிள்ளையாயிற்றே!" என்று பதறினார் அமைச்சர்.

"அளவைச் சாத்தன் பார்ப்பான். யாருக்குப் பசி என்பதை இவள் பார்ப்பாள்."

அந்தப் பஞ்சத்தில் அந்த நாட்டில் ஒருவரும் பட்டினியால் சாகவில்லை.

தன் பங்குக்காக நேர்மையைக் கற்கும் குழந்தை, அடுத்தவர் பசியைப் பார்க்கும்போதுதான் அன்பைக் கற்கிறது.

ஆனாலும் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. வயிறு நிறைந்தவள் விட்டுக்கொடுத்திருந்தால் இது கதையே இல்லை. போன வாரம் சந்தைக்குப் போய், பழம் வெட்டிக்கொண்டிருந்த பேச்சியக்காவிடம் கேட்டே விட்டேன்:

"யக்கா, அன்னைக்கு நாச்சிக்கும் பசிதானே?"

"பின்னே, பசிக்காமலா?" என்ற பேச்சியக்கா, வெட்டியதில் பெரிய துண்டை என் கையில் வைத்தாள்.