ரொம்ப நல்லது

"அம்மா இறந்துட்டாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கா. நம்ம கோமதி சிரிச்சுக்கிட்டே 'ரொம்ப நல்லது'ன்னாளாம்."

தண்ணீர்க் குழாயடியில் ஷைனி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். படியில் இறங்கிக்கொண்டிருந்த கோமதி பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கல்லூரியில் அது ஆறு வார ஸ்பானிஷ் தீவிர வகுப்பு. ஒவ்வொருவருக்கும் மெக்சிகோவில் ஒரு தோழி உண்டு. வாரம் ஒருநாள் கணினி அறையில் அவளோடு ஸ்பானிஷில் மட்டுமே பேச வேண்டும். கோமதியின் தோழி மரிசோல். ஷைனிக்கு வாய்த்தவள் மரிசோலின் வகுப்புத் தோழி. செய்தி அந்த வழியாக வந்திருந்தது.

மரிசோல் வேகமாகப் பேசுவாள். கோமதி தலையாட்டுவாள். இடையிடையே "முய் பியென்" என்பாள். ரொம்ப நல்லது என்று பொருள். மரிசோல் பேசும்போது கோமதி அவளைப் பார்ப்பதில்லை. திரையின் மூலையில் தெரியும் தன் முகம் சரியாகச் சிரிக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

மதியம் சாப்பாட்டுப் பையோடு ஆசிரியரின் அறைக்குப் போனாள். நிலோபர் மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் வகுப்புலேருந்து நின்னுடறேன்."

"கடைசி வாரத்துலயா?"

"எவ்வளவு முன்னேறியிருக்கோம்னு நாளைக்கு எல்லாரும் சொல்லணும்னீங்க. எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல."

"மார்க்குல நீதானே முதல்?"

"மார்க் இருக்கு மேடம்."

மேடம் பேனாவை மூடினார். அவளைப் பார்த்து ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தார். நீளமாக, கனிவாகப் பேசினார். இரண்டாவது வாக்கியத்திலேயே கோமதிக்குப் பிடி விட்டுப்போனது. முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். தலையாட்டினாள். குரல் கேள்வி போல ஏறி நின்றபோது, "சி, சி" என்றாள். ஆமாம், ஆமாம்.

மேடம் அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். திறந்தார். சாப்பிட ஆரம்பித்தார்.

கோமதி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உருளைக்கிழங்கு பிரமாதம். யார் செஞ்சது?"

"அம்மா."

மேடம் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். டப்பாவைக் கழுவித் துடைத்து அவள் முன்னால் வைத்தார்.

"உன் சாப்பாட்டை நான் சாப்பிடவான்னு கேட்டேன். சரின்னு சொன்ன."

"எனக்குப் புரியல மேடம்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க ஆசையா பேசிட்டிருந்தீங்க. நடுவுல நிறுத்தினா..."

"நிறுத்தினா?"

"எனக்குத் தெரியலன்னு தெரிஞ்சுடும்."

மேடம் தன் டப்பாவை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். கோமதி அதைத் தொடவில்லை.

"மேடம், மரிசோலோட அம்மா..."

"தெரியும்."

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மன்னிப்புக் கேக்க நாலு வரி எழுதிக் குடுங்க மேடம். மனப்பாடம் பண்ணி ஒரு தப்பில்லாம சொல்லிடறேன்."

"சொல்லிடுவ. அதுக்கு அவ ஏதாவது பதில் சொல்வாளே. அப்ப என்ன சொல்லுவ?"

கோமதி காலி டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை கணினி அறை நிறைந்திருந்தது. பக்கத்து இருக்கையில் ஷைனி. திரையில் மரிசோல் வந்தாள். நாற்காலியில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நலமா என்று கேட்கவில்லை.

கோமதி வாயைத் திறந்தாள். ஸ்பானிஷில் பேசினாள்.

"உன் அம்மா. நான் சிரித்தேன். எனக்குப் புரியவில்லை. நான் புரியவில்லை சொல்லவில்லை."

வாக்கியங்கள் கோணலாக வந்தன. ஷைனி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மரிசோல் ஏதோ சொன்னாள். வேகமாகவே சொன்னாள். கோமதியின் உதடுகள் பழக்கத்தில் சிரிக்கப் போயின. தலை ஆடப் போனது. அவள் அதை நிறுத்தினாள்.

"நோ எந்தியெந்தோ" என்றாள். புரியவில்லை. முதல் நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாக்கியம். தேர்வுத்தாளில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். வாயால் சொன்னதில்லை.

மரிசோல் மறுபடி சொன்னாள்.

"நோ எந்தியெந்தோ."

அறையில் இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். கோமதியின் கண்கள் திரையின் மூலைக்குப் போகவில்லை.

மரிசோல் கட்டியிருந்த கைகளை எடுத்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாக, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.