ஓரத்துக் கண்ணி

தைலம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். ஆரணியில் அரிசி மண்டித் தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தாள். கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. வேலையில் இருந்தவரைக்கும் அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற பிள்ளைகள் போட்ட கூச்சல், வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கொஞ்ச நேரம் இருக்கும். அதோடு படுத்துத் தூங்கிவிடுவாள்.

ஓய்வுக்குப் பிறகு கூச்சல் நின்றது. ஒரு நாள் காலையில் பால்காரர் நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள். முந்தின நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கு ரவிக்கைக்குக் கொக்கி வாங்கத் தையல் சாமான் கடைக்குப் போனாள். கடை ஒரு சாயபுவுடையது. அவர் பெரும்பாலும் வெளியூரில், கடையில் தங்கை ஜுபைதாதான் உட்காருவாள். தைலம்மாளுக்கு மகள் வயசு. கல்யாணமாகிப் போன இடத்தில் ஒரு வருஷம்கூடத் தங்கவில்லை, திரும்பி வந்துவிட்டாள் என்று தெருவில் பேச்சு.

ஜுபைதா குரோஷாப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். மடியில் நூல் உருண்டை, கையில் ஒரு ஊசி. ஊசியின் நுனியில் சின்னதாக ஒரு வளைவு. ஆள் வந்தால் எழுந்து எடுத்துக் கொடுத்தாள். போனதும் விட்ட இடத்தில் தொடர்ந்தாள். கடையில் யாரும் இல்லாத நேரம் அவள் முகத்தில் எந்த வித்தியாசமும் காட்டவில்லை.

கொக்கியை வாங்கிக்கொண்ட பிறகும் தைலம்மாள் நகரவில்லை.

"இப்படித் தனியா உக்காந்திருக்கியே, உனக்கு ஒண்ணும் தோணலையா?"

ஜுபைதா முக்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்கம்மா."

மத்தியானம் கடை சாத்துகிறவரை தைலம்மாள் அங்கேயே இருந்தாள்.

மறுநாள் போய், எனக்கும் சொல்லிக்கொடுங்க டீச்சர் என்று கேட்டாள். பள்ளிக்கூடத்துப் பழக்கம். சொல்லிக்கொடுக்கிறவர்கள் எந்த வயசானாலும் அவளுக்கு டீச்சர்தான். ஜுபைதாவுக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தைலம்மாள் அலமாரியில் இருந்த கம்பளி உருண்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். பிளாஸ்டிக் டப்பாவில் வரிசையாக அடுக்கியிருந்த ஊசிகளின் விலையைக் கேட்டாள். கேட்டுவிட்டு டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"நிறைய பேர் மொத்தமா வாங்கிட்டுப் போனாங்க" என்றாள் ஜுபைதா. "ஒருத்தரும் திரும்பி வந்து நூல் வாங்கலை. எதிர் மண்டியில மூட்டை பிரிக்கறாங்க பாருங்க. வாயைத் தைச்ச நூலைக் கீழே போட்டிருப்பாங்க. அதை எடுத்துட்டு வாங்க."

தைலம்மாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த மண்டியில் இருந்துதான் பள்ளிக்கூடத்துக்கு மளிகை வரும். அங்கே எல்லோருக்கும் அவளைத் தெரியும். குனிந்து குப்பையில் நூல் பொறுக்க வேண்டும். போனாள். மூட்டை தூக்குகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

பொறுக்கி வந்ததில் பாதி சிக்கு. இதை வைத்து என்ன செய்ய என்றாள். ஜுபைதா பிரிக்காத ஒரு சின்ன அரிசிச் சாக்கை மண்டியில் கேட்டு வாங்கி வந்து முன்னால் நிறுத்தினாள். அதன் வாய்த் தையலின் ஒரு முனையை இழுத்தாள். வரவில்லை, இறுகியது. மறு முனையில் ஒரு முடிச்சை நெகிழ்த்தி இழுத்தாள். சாக்கின் வாய் முழுக்க ஒரே இழுப்பில் திறந்துகொண்டது. நூல் அறுபடாமல் நீளமாகக் கையில் வந்தது.

"நான் எப்பவும் கத்தியாலதான் அறுப்பேன்" என்றாள் தைலம்மாள்.

"இது சங்கிலி. ஒண்ணுக்குள்ள ஒண்ணு. குரோஷாவுல முதல்ல கத்துக்கறதும் இதுதான்."

ஊசிக்கு, சைக்கிள் கடையில் பழைய சக்கரக் கம்பி ஒன்று கேட்டு வாங்கச் சொன்னாள். கடைக்காரரே நுனியில் பள்ளம் அறுத்துக் கொடுத்தார். மீதியை வீட்டில் கல்லில் தேய்க்க வேண்டும். முந்தானையில் இழுத்துப் பாருங்கள், இழை எதுவும் மாட்டாமல் வந்தால் அன்றைக்கு வாருங்கள் என்றாள் ஜுபைதா. முந்தானை இரண்டு இடத்தில் கிழிந்தது. அதற்கப்புறம் மாட்டவில்லை.

சங்கிலி போடக் கற்றுக்கொண்டாள். வலது கையில் ஊசி, இடது விரலில் நூல். பெரிய கரண்டி பிடித்துப் பழகிய கைக்கு ஊசி நிற்கவில்லை. ஒரு கண்ணி இறுகும், அடுத்தது தளரும். வீட்டுக்குப் போயும் போட்டாள். வாசலில் இருந்து அடுப்பு வரைக்கும் போய்த் திரும்பி வருகிற அளவுக்குச் சங்கிலி நீண்டது. அதைச் சுருட்டி, ஒரு பையில் போட்டு, கடைக்கு எடுத்துப் போனாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எங்கேயும் போய் ரொம்ப நாளாகியிருந்தது.

ஜுபைதா சங்கிலி முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு முனையைப் பிடித்து இழுத்தாள். அத்தனையும் பிரிந்து மடியில் விழுந்தது.

தைலம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வாரமாப் போட்டது டீச்சர்."

ஜுபைதா நூலை நிதானமாக உருண்டையாகச் சுற்றி அவள் கையில் வைத்தாள். உருண்டை அவள் முதலில் கொண்டு வந்த அதே அளவில் இருந்தது.

அப்புறம் தைலம்மாள், உங்களுக்கு யார் இதைக் கற்றுக்கொடுத்தது என்று கேட்டாள்.

"யாரும் கத்துக்கொடுக்கலை. எனக்குச் சீரா ஒரு மேஜை விரிப்பு வந்துது. குரோஷா போட்டது. அங்கேயிருந்து திரும்பி வரும்போது அது ஒண்ணைத்தான் எடுத்துட்டு வந்தேன். வீட்டுல எல்லாரும் என்னையே பார்த்துட்டிருந்தாங்க. நான் அந்த விரிப்பைப் பிரிச்சேன். கோபத்துலதான் பிரிச்சேன். பிரிக்கப் பிரிக்க, எப்படிப் போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"திரும்பப் போட்டேன்."

அன்றைக்கே தைலம்மாளுக்கு வரி போடச் சொல்லிக்கொடுத்தாள். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியை நுழைத்து இழுத்து, கடைசி வரை போய், திருப்பி, மறுபடி அதே மாதிரி வர வேண்டும். சதுரமாக வரும், அவ்வளவுதான். அடுத்த சில நாட்கள் கடை திறக்காது, வேலூரில் அண்ணன் மச்சினிக்குக் கல்யாணம், நீங்கள் வீட்டிலேயே போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தைலம்மாள் போட்டாள். காலையில் காப்பி குடித்ததும் ஜன்னலோரம் உட்காருவாள். வாய்க்குள் கண்ணிகளை எண்ணுவாள். எண்ணுகிற சத்தம் அவள் வீட்டில் கேட்டது. யாரிடமும் பேசாத நாட்களிலும் தொண்டை கட்டவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். வரியின் நடுவில் இருந்தாள். எழுந்தால் எண்ணிக்கை போய்விடும். அந்த வரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். கதவைத் திறந்தபோது வாசலில் ஆள் இல்லை. தாழ்ப்பாளில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. உள்ளே தூக்குப் பாத்திரத்தில் எலுமிச்சஞ்சாதம், இன்னும் சூடாக.

பாத்திரத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஸ்டெல்லாவுடையது. கூடத்தில் அவளுக்கு உதவியாளாக இருந்தவள். இப்போது அவள் இருந்த இடத்தில் சமைக்கிறவள். தைலம்மாள் ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலையைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது வந்தவள் ஒரு நிமிஷம் நிற்கக் கூடாதா என்று தைலம்மாளுக்குக் கோபமாக வந்தது. தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

சாதத்தைச் சாப்பிட்டாள். பாத்திரத்தைக் கழுவி அலமாரியில் கவிழ்த்தாள். அங்கே ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்காரி பொங்கலுக்குக் கொடுத்தனுப்பிய கிண்ணமும், ஓரகத்தி வீட்டு எவர்சில்வர் டப்பாவும் இருந்தன. வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வைத்தவைதான். வைத்துக் கொடுக்க எதுவும் செய்யாமலே நாள் போய்விட்டது.

மறுபடி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து ஊசியை எடுத்தாள்.

கடை திறந்த அன்றைக்குப் பின்னலை எடுத்துப் போனாள். ஜுபைதா வாங்கிக் கல்லாப் பெட்டியின் மேல் விரித்தாள். அடியில் ஒரு முழம் அகலத்துக்கு இருந்தது. மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே வந்து, உச்சியில் ஒரே ஒரு கண்ணி மட்டும் நின்றது.

"சதுரமா வரணும்னு சொன்னீங்க" என்றாள் தைலம்மாள். "இதுக்கு மேல போட இடமில்லை."

"ஒவ்வொரு வரியிலும் எத்தனை கண்ணின்னு எண்ணிப் பார்த்தீங்களா?"

"எண்ணிக்கிட்டேதான் போட்டேன். நான் எதையும் விடலை. அதுவாக் குறைஞ்சு போச்சு."

ஜுபைதா பின்னலைக் கையில் எடுத்தாள். கீழ் வரியின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்லப் புரட்டினாள். அங்கே சின்னதாக ஒன்று சுருண்டு கிடந்தது.

"இது என்ன?"

"முடிச்சு."

"நல்லாப் பாருங்க."

தைலம்மாள் குனிந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். ஜுபைதா ஊசியின் நுனியை அதற்குள் நுழைத்துக் கொஞ்சம் தூக்கினாள். முடிச்சு விரிந்து கண்ணியாயிற்று.

"ஓரத்துல இருக்கறது இப்படித்தான், ஒருக்களிச்சுப் படுத்துக்கும். நடுவுல இருக்கற மாதிரி நிமிர்ந்து நிக்காது. அது வரி முடிஞ்ச இடம்னு நினைச்சு நீங்க திரும்பிட்டீங்க."

"எல்லா வரியிலுமா?"

ஜுபைதா பின்னலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

தைலம்மாள் விரலை வைத்தாள். கீழே இருந்து ஒவ்வொரு வரியாக ஓரத்தைப் புரட்டிக்கொண்டு மேலே போனாள். ஒவ்வொரு வரியிலும் ஒன்று கிடந்தது. ஒன்றும் அறுந்திருக்கவில்லை. நடுவில் யாரோ ஒரு பெண் வந்து பித்தான் கேட்டாள். ஜுபைதா எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தைலம்மாள் தலை தூக்கவில்லை. அவள் விரல் சில இடங்களில் ரொம்ப நேரம் நின்றது. அலமாரியில் கவிழ்த்து வைத்த தூக்குப் பாத்திரம் ஞாபகத்துக்கு வந்தது.

உச்சிக்கு வந்ததும் கையை எடுத்தாள்.

"எல்லாத்தையும் பிரிச்சிடணுமா டீச்சர்?"

"வேணாம்."

"இங்கே ஒண்ணுதானே மிச்சம் இருக்கு."

"அந்த ஒண்ணுலயே ரெண்டு போடுங்க. அடுத்த வரியில ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு ரெண்டு. ஓரத்துல இருக்கறதை மட்டும் புரட்டிப் பாருங்க."

தைலம்மாள் பின்னலை மடியில் வாங்கிக்கொண்டாள். குறுகிய முனையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டா, பழையபடி வந்துடுமா?"

"பழையபடி வராதும்மா," என்றாள் ஜுபைதா. "அகலமாகும்."