கொடியில் எந்த நிறம் மேலே?

கடலுக்கு அப்பால் ஒரு ராஜாவை ஜனங்கள் சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு ஒரு கப்பல், அதே ராஜா ஆண்டுவந்த நம் கடற்கரைப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தது. அது வந்த வேகத்தில், அடியில் ஒட்டிய சிப்பிகள் பேரன் பேத்தி எடுத்திருந்தன.

வந்த கடிதத்தில் பாதியைக் கப்பல் எலி தின்றிருந்தது. மிஞ்சியது இவ்வளவுதான்: 'ராஜாவின் வெள்ளைக் கொடியை இறக்குக. புதுக்கொடிக்கு நிறம் மூன்று. நீலம், வெள்ளை, சிவப்பு.' எது மேலே, எது கீழே என்பது எலியின் வயிற்றில் போய்விட்டது. அந்த எலி அதற்குப் பிறகு எந்தப் பூனைக்கும் அடங்கவில்லை என்று கேள்வி.

கோட்டைத் தையற்காரர் சவரியப்பனிடம் துணி வந்தது. மறுநாள் காலைப் பீரங்கி வெடிக்கும்போது கொடி ஏற வேண்டும்.

சாயங்காலத்துக்குள் அவர் கடற்கரைக்கு ஓடிவந்தார். கவிழ்த்துப்போட்ட தோணியின் நிழலில் அவருடைய குரு உட்கார்ந்திருந்தார். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபது. சாமியிடம் இரண்டு கோவணம். ஒன்று இடுப்பில், ஒன்று காற்றில்.

"சாமி, நான் செத்தேன்."

"பேசுகிறாயே, சவரி."

"நாளைக் காலை வரைக்கும்தான். வலங்கைச் சாதிகளின் தலைவர் செங்கழுநீர்ப் பிள்ளை வந்தார். கல்யாணமோ சாவோ, வெள்ளைக்கொடி பிடிப்பது அவர்கள் தெருவின் உரிமையாம். 'அடே, வெள்ளை கீழே போச்சு, உன் விரல் கீழே போச்சு' என்கிறார்."

"அவர் யார் பக்கம்?"

"ராஜா கொடி வெள்ளை. அதனால் ராஜா பக்கம்."

"அப்புறம்?"

"அவர்களுக்குப் பரம்பரைப் பகையான இடங்கைச் சாதிகளின் தலைவர் வீரபாகு செட்டி. அவர் ஜனங்கள் பக்கம்."

"ஏனாம்?"

"வலங்கை ராஜா பக்கம் போய்விட்டதே! நீலம் அவர்கள் சாயத்தொட்டியில் பிறந்த நிறமாம். அதன்மேல் எது ஏறி உட்கார்ந்தாலும் என் கடைக்கு நெருப்பாம்."

சாமிக்குச் சிரிப்பு வந்தது. "சிவப்புக்கு ஆள் இல்லையா?"

"இல்லாமலா? தொப்பிக்காரச் சிப்பாய் பெத்ரு. பாட்டன் வெள்ளைக்காரன், பாட்டி நம்ம மீன்காரத் தெரு. ராஜா காலத்தில் அவனைத் துரைகள் மேசையில் உட்காரவிடவில்லை. ஜனங்கள் ராஜ்யத்தில் விடுவார்களாம். 'ரத்தம் சிந்துகிறவன் நிறம்தான் மேலே' என்று துப்பாக்கியை என் பலகைமேல் வைத்துவிட்டுப் போனான்."

"கோட்டைத் துரை?"

"காலையில் ராஜாவுக்காக அழுதார். சாப்பிட்டதும் ஜனங்கள் வாழ்க என்றார். இப்போது தூங்குகிறார்."

"வேறு யாரும் வரவில்லையா?"

"வேம்புலி வந்தான். கோட்டையில் கொடிக்கயிறு இழுக்கிற சேரிக்காரன். ஏதோ கேட்க வேண்டும் என்று வாசலிலேயே நின்றான். 'போடா, அப்புறம் வா' என்று விரட்டிவிட்டேன். இருக்கிற குழப்பம் போதாதா?"

சாமி எழுந்தார். காய்ந்துகொண்டிருந்த கோவணத்தை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்தார்.

"இதில் மேல் எது?"

"இந்த விளிம்பு."

சாமி ஒரு கையை விட்டார். துணி நெட்டுக்குத்தாகத் தொங்கியது. இரண்டு விளிம்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"இப்போது?"

சவரியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அட!" என்று எழுந்து ஓடினார். பாதி வழியில் நின்று திரும்பிக் கத்தினார்.

"சாமி, கம்பத்தை ஒட்டி எது?"

"முதலில் கைக்கு எட்டுவது!"

மறுநாள் பீரங்கி வெடித்தது. வெடித்துச் சற்று நேரத்தில் சவரியப்பன் பத்து விரலோடும் வந்து சேர்ந்தார். முகம் மட்டும் நேற்றைவிடக் குழம்பியிருந்தது.

"நீலம் கம்பத்தை ஒட்டி நிற்கிறது, சாமி. 'கம்பமே எங்கள் பிடியில்' என்று இடங்கைத் தெருவில் மேளம். வெள்ளை நடுவில். 'இரண்டு பக்கமும் ஆளை நிறுத்தி நடுவில் வீற்றிருக்கிறோம்' என்று வலங்கைத் தெருவில் அதிர்வேட்டு. சிவப்பு ஓரத்தில். 'காற்றில் முன்னால் பாய்வது நாங்கள்தான்' என்று பெத்ரு குடித்துவிட்டு ஆடுகிறான்."

"நல்லதுதானே."

"என்ன நல்லது? ராஜா பக்கமும் ஜெயித்தது, ஜனங்கள் பக்கமும் ஜெயித்தது. அது எப்படி? எல்லாரும் ஜெயித்தால் தோற்றது யார்? எனக்குத் தலை சுற்றுகிறது."

சாமி கோவணத்தை உதறி மடித்தார்.

"கொடியை ஏற்றியது யார்?"

"வேம்புலிதான். வேறு யார்? புதுத்துணி, நல்ல கனம். கையில் தோல் உரிய இழுத்தான்."

"அவன் என்ன கேட்க வந்தான்?"

சவரியப்பன் கோட்டைப் பக்கம் திரும்பினார். கொடியைப் பார்த்த கூட்டம் கலைந்து போயிருந்தது. கம்பத்தடியில் ஒருவன் மட்டும் குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.