திரையில் ஒரு மீன்

"அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி நாள் பூரா உட்கார்ந்து கிடக்கறது நான். எனக்குப் பிடிச்ச சாஃப்ட்வேர் ஒண்ணை அதுல போட்டுக்கக் கூடாதாம்மா?"

ஆசிரம அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் தெய்வநாயகம் இப்படிக் கேட்டபோது, உமையாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா வயதில் தெய்வநாயகத்தைவிட இளையவர்தான். ஆனாலும் குரு குருதான்.

"என்ன செய்யும் அது?"

"திரையில மீன் நீந்தும்மா. மனசுக்கு இதமா இருக்கும். இலவசம்தான்."

அம்மா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

அன்று சாயங்காலம் தெய்வநாயகத்தின் அறைக் கதவைத் தட்டினார் ஒருவர். பட்டு ஜிப்பா, வாய் நிறையச் சிரிப்பு.

"அம்மா அனுப்பினாங்க. உங்களோட தங்கிக்கறேன். நல்லாப் பாடுவேன். காசு வேண்டாம்."

தெய்வநாயகம் யோசித்தார். கல்யாணம், காதுகுத்து என்று ஓயாமல் வேலை ஏவிய அக்காவிடமிருந்து தப்பி, எங்கே இருக்கிறோம் என்றுகூடச் சொல்லாமல், நிம்மதி தேடி வந்த அறை அது. ஆனால் ஓசிப் பாட்டு யாருக்குக் கசக்கும்?

வந்தவர் வாசலில் நின்றபடியே நிபந்தனைகளை மளமளவென்று ஒப்பித்தார். தெய்வநாயகத்தின் காதில் பாதிகூட ஏறவில்லை.

"சரி, சரி, எல்லாத்துக்கும் சரி. உள்ள வாங்க."

பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

விடிந்தபோது தெய்வநாயகத்தின் கட்டிலில் வேறொருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாடகரின் மச்சானாம். மத்தியானம் மச்சானின் மாமா வந்து, ஜன்னலோரம் ஊறுகாய்க் கடை விரித்தார். தெய்வநாயகம் கண் மூடினால் போதும், மூக்கருகே மாவடு நீட்டினார். மச்சானோ தெய்வநாயகத்தின் செல்போனை எடுத்து, அதிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டு நலம் விசாரித்தார்.

முதல் பெயரே அக்கா.

தெய்வநாயகம் அலறியடித்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார். அம்மா அன்றும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மானம் போச்சும்மா! நாளைக்கு அக்கா வர்றாங்களாம். யாரைக் கேட்டு என் போனை எடுத்தார் அந்த ஆளு?"

"உங்களைக் கேட்டுத்தான். வாசல்லயே பாடகர் எல்லாம் சொன்னாராமே. சரி, சரின்னீங்களாம்."

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"ஏன் தெய்வநாயகம், வீட்டுக்குச் சொல்லாம இங்க வந்திருக்கறவங்க விலாசமெல்லாம் எங்க இருக்கு?"

"கம்ப்யூட்டர்லதான்…"

சொல்லி முடிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலுவலகத்தைப் பார்த்து ஓடினார்.

"எங்க ஓடறீங்க?"

"மீனை எடுத்துடறேன்மா!"

அம்மாவின் கையிலிருந்து கீரைக்கட்டு விழுந்தது.

"அடப்பாவி! போட்டுட்டா வந்து கேட்டீங்க?"